விரைவு எளிய கோடை உணவுத் திட்டம்

ஒரு சாண்ட்விச் செய்ய மூன்று நிமிடம் போதும் என்கிற உண்மை குடிநீர் வாரியத்தின் மேல்மாடிக்குத் தெரியவந்த நாளில்தான் எல்லாத் தொல்லையும் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அது சத்தமில்லாமல் மூன்று நிமிடத்தில் ஆகிக்கொண்டுதான் இருந்தது.

வாரியம் இருப்பது ஐந்து மாடிக் கட்டடத்தில். ஐந்திலும் அதிகாரிகள். கட்டடத்தின் பின்புறம், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சமையலறை. அதில் சமையலக்கா. ஊரெல்லாம் பள்ளம் தோண்டி, உடைந்த குழாய்களை மாற்றுகிற இருபத்திரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு செய்து, வாரியத்தின் வேனில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளத்தடியில் பரிமாறிவிட்டு வருவது அவள் வேலை. பன்னிரண்டரைக்கு அவர்கள் மேலே ஏறி வருவார்கள். ஒரு மணிக்கு மறுபடியும் இறங்கிவிட வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் பன்னிரண்டரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

தவறவிட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்திரண்டு பேரில் ஒருவர் அவள் வீட்டுக்காரர். எந்நேரமும் இடுப்பில் ஒரு ஸ்பேனரைச் செருகிக்கொண்டு திரிவதால் ஆட்கள் அவரை ஸ்பேனர் என்றே கூப்பிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர். காலையில் மாத்திரை போட்டால் பன்னிரண்டரைக்கு வயிற்றில் ஏதாவது விழுந்தாக வேண்டும். ஒரு மணியானால் கை நடுங்கும். ஒன்றரை ஆனால் பேச்சு குழறும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

அந்த வருடக் கோடை பொல்லாத கோடை. மேலே தகரம் காய, கீழே அடுப்பு எரிய, நடுவில் நின்றவள் ஒருநாள் குண்டானை இறக்கும்போது கண் இருண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தெருமுனை பேக்கரியில் ரொட்டி வாங்கி வந்தாள். வெள்ளரியைச் சீவி, உப்புப் போட்டு, கால் மணி கழித்துத் துணியில் கட்டிப் பிழிந்தாள். பிழியாவிட்டால் ரொட்டி ஊறிக் கூழாகிவிடும். வீட்டிலிருந்தே வேகவைத்துக் கொண்டுவந்த முட்டையை மிளகுத்தூள் போட்டு முள்கரண்டியால் மசித்தாள். ரொட்டியின் உள்பக்கம் இரண்டிலும் ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவினாள். வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் ஈரம் இறங்காது. விதை எடுத்த தக்காளியைக் கடைசியில் வைத்து, குறுக்கே ஒரு வெட்டு. ஒன்றுக்கு மூன்று நிமிடம். கை பழகியதும் அதுவும் இல்லை.

பள்ளத்தடியில் ஆட்கள் அதை முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு வேப்பிலை அடித்த மாதிரி தெளிந்துபோய், "அக்கா, வெயில் முடியற வரைக்கும் இதையே போடுங்க" என்றார்கள். வெயிலில் சூடான சாப்பாடு வயிற்றில் கல்லாய்க் கிடக்கும்; இது கிடக்கவில்லை. ஸ்பேனர் இரண்டு தின்றார்.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாரியத்தில் லிஃப்ட் பழுதானது. மாடியேறச் சலித்துக்கொண்டு பின்புறம் காற்று வாங்க வந்த கண்காணிப்பாளர், நின்றவாக்கில் ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு, "எவ்வளவு நேரம்மா ஆகுது இது?" என்று கேட்டார். அவள் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

கண்காணிப்பாளருக்குத் தனியாக ஒரு கவலை இருந்தது. காலாண்டு அறிக்கையில் 'புதிய முயற்சிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அது பதினான்கு வருடமாகக் காலியாகவே போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலாண்டில் அவர் அதில் 'சாண்ட்விச் (மூன்று நிமிடம்)' என்று எழுதினார். அறிக்கை இயக்குநரின் மேசைக்குப் போனது. வாரியத்தின் சரித்திரத்தில் அறிக்கையை ஒருவர் படித்தது அன்றுதான்.

இயக்குநர் எல்லோரையும் கூட்ட அரங்கில் கூட்டினார். சமையலக்காவைக் கடைசி வரிசையில், தண்ணீர்க் கேன் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பாராட்டப்போகிறார்கள் போலிருக்கிறது என்று அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இந்த வாரியத்துல முப்பத்தொரு வருஷமா இருக்கேன்" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "இங்க ஒரு வேலை மூணு நிமிஷத்துல முடிஞ்சு நான் பார்த்ததில்ல. மூணு நிமிஷத்துல ஒண்ணு முடியுதுன்னா என்ன அர்த்தம்? நடுவுல யாரோ ஒருத்தரைக் கேக்காம விட்டிருக்காங்கன்னு அர்த்தம். நல்ல விஷயம்தான், நான் மறுக்கல. ஆனா நல்ல விஷயத்தை இப்படித் தனியா விட்டா கெட்டுப்போயிடும். நாமதான் அதுக்கு ஒரு பாதுகாப்பு கொடுக்கணும்."

கை தட்டினார்கள். 'விரைவு எளிய கோடை உணவுத் திட்டம்' அங்கேயே அப்போதே பிறந்தது. மாடிக்கு ஒருவர் வீதம் ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. சமையலக்காவைக் குழுவில் சேர்க்கவில்லை. அவளுக்கு சாண்ட்விச் செய்யத் தெரியும் என்பதால் நடுநிலை கெட்டுவிடும் என்றார்கள்.

குழு முதல் நான்கு கூட்டங்களில் 'விரைவு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. விரைவு என்பது தாமதம் இல்லாமை என்றும், தாமதம் என்பது உரிய காலத்தைத் தாண்டுவது என்றும், உரிய காலம் எது என்பது பின்னர் அறிவிக்கப்படும் என்றும் முடிவானது. அடுத்த இரண்டு கூட்டங்களில் 'எளிய' என்ற சொல் வந்தது. யாருக்கும் எளிதில் புரியும்படி நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு கையேடு போடத் தீர்மானித்தார்கள். 'கோடை' எப்போது தொடங்குகிறது என்று வானிலை அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. அதற்குள் பாதிக் கோடை போய்விட்டிருந்தது.

குழு தடுக்கி விழுந்த இடம் 'உணவு'தான். சாண்ட்விச் என்றால் என்ன என்று வாரியத்தின் எந்த விதியிலும் இல்லை. திறந்ததா, மூடியதா? ஒன்றா, இரண்டா? குறுக்கே வெட்டியபின் அது இரண்டு சாண்ட்விச்சா, அல்லது ஒரே சாண்ட்விச்சின் இரண்டு பாகங்களா? மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் வாழ்நாளில் ஒரு கூட்டத்திலும் வாயைத் திறக்காத பதிவறை எழுத்தர் எழுந்து நின்றார். கோப்புகளோடு கோப்பாக இருபது வருடம் கிடந்தவர். எதைப் பார்த்தாலும் ஓரத்தில் எண் போட்டிருக்கிறதா என்று தேடுகிற மனிதர்.

"சார், மேல ஒரு அட்டை. கீழ ஒரு அட்டை. நடுவுல அடுக்கடுக்கா உள்ளடக்கம்" என்றார். "இது கோப்பு சார்."

அரங்கில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. எல்லோர் முகத்திலும் களை வந்துவிட்டது. இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அவர் கையைக் குலுக்கினார். கோப்பு என்றால் அவர்களுக்குத் தெரியும். கோப்பை என்ன செய்ய வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கே விதிமுறைகள் மளமளவென்று எழுதப்பட்டுவிட்டன.

மறுநாள் காலை பதிவறை எழுத்தர் ஒரு துளையிடும் கருவியும் ஒரு கட்டுப் பச்சை நாடாவும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ஒவ்வொரு சாண்ட்விச்சிலும் இடது மேல் மூலையில் துளை போட்டு நாடா கோத்து முடிச்சுப் போட்டார். வெள்ளரித் துண்டுகள் இணைப்புகள் ஆயின. மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டு ஒட்டினார். மசித்த முட்டைக்கு எண் போட வழியில்லாததால் அதை உதிரி இணைப்பு என்று தனி உறையில் போட்டார். தக்காளிக்கு வந்ததும் சற்று நின்றார். வாரியத்தில் சிவப்பு என்றால் அவசரம். எனவே தக்காளி வைத்த சாண்ட்விச் எல்லாம் அவசரக் கோப்பு.

"அவசரம்னா சீக்கிரம் போயிடுமில்ல சார்?" என்று சமையலக்கா ஆசையாகக் கேட்டாள்.

"அவசரம்னா அஞ்சு மாடியும் ஏறணும்மா" என்றார் எழுத்தர். "சாதாரணம்னா மூணு மாடி போதும். அவசரத்துல தப்பு நடந்துடக் கூடாதுல்ல? அதான் ரெண்டு கையெழுத்து அதிகம்."

அவள் தக்காளியை எடுத்துவிட்டுச் செய்து பார்த்தாள். கையேட்டின் பதினெட்டாம் பக்கத்தில் உள்ள படத்தில் தக்காளி இருந்ததால், அது முழுமையற்ற கோப்பு என்று முதல் மாடியிலிருந்தே திரும்பி வந்தது. தக்காளியை வைத்தாள். அது ஏறிப் போனது.

சாண்ட்விச்சுகள் மாடிமாடியாகப் போன விதத்தை அவள் படிக்கட்டில் நின்று பார்த்தாள். முதல் மாடியில் தேதி முத்திரை குத்தினார்கள். இரண்டாம் மாடியில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் இட்டார்கள். மூன்றாம் மாடியில் இணைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளரி குறைந்தால் கீழே அனுப்பினார்கள். நான்காம் மாடியில் மின்விசிறி வேகமாகச் சுற்றியதால் பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடிப் பேப்பர்வெயிட் வைத்தார்கள். அங்கேதான் வெண்ணெய் உருகிப் பக்கத்திலிருந்த பென்ஷன் விண்ணப்பங்களில் இறங்கியது. ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. இயக்குநர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார். இரண்டரைக்கு வருவார். அப்புறம் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

முதல் நாள் சாப்பாடு பள்ளத்தடிக்குப் போனபோது மணி மூன்று பத்து. ஒருவர் பல்லில் நாடா சிக்கிக்கொண்டது. இன்னொருவர் 'இணைப்பு 4' என்ற சீட்டை வெள்ளரி என்று நினைத்து விழுங்கிவிட்டார். ரொட்டி நடுவில் பேப்பர்வெயிட் அளவுக்கு வட்டமாகப் பள்ளம். ஸ்பேனர் அன்று ஒரு மணிக்கே சட்டைப் பையிலிருந்த இரண்டு பிஸ்கட்டைத் தின்று தாக்குப்பிடித்திருந்தார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பிஸ்கட் போதவில்லை. பள்ளத்துக்குள் பெரிய குழாயின் மூட்டை முடுக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி மேலே கிடத்தினார்கள். அவர்களுடைய மேஸ்திரி டீக்கடைக்கு ஓடி ஒரு பிடி சர்க்கரை வாங்கி வந்து வாயில் போட்டு, தண்ணீர் தெளித்து, தொப்பியால் விசிறினார். கால் மணி கழித்துத்தான் அவர் கண்ணைத் திறந்தார். சமையலக்கா மூன்று மணிக்கு வேனில் போய் இறங்கியபோது மர நிழலில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். அவள் கையில் பச்சை நாடா கட்டிய சாண்ட்விச்சோடு அப்படியே நின்றாள்.

சாயந்திரம் நேராகக் கண்காணிப்பாளரிடம் போனாள். திட்டம் எல்லாம் இருக்கட்டும், பன்னிரண்டரைக்கு மட்டும் சாப்பாடு போக வழி செய்யுங்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரர் விழுந்ததைச் சொன்னாள்.

கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

"இங்க பாரும்மா. பசிங்கிறது தனிப்பட்ட விஷயம். திட்டம்ங்கிறது பொது விஷயம். ஒருத்தரோட வயித்துக்காக ஒரு திட்டத்தை அவசரப்படுத்தினா, நாளைக்கு எல்லாருக்கும் வயிறு இருக்குன்னு வந்து நிப்பாங்க. உங்க வீட்டுக்காரர் ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டும். கோடைக்குள்ள முடிவு பண்ணிடலாம்."

"எந்தக் கோடைக்குள்ள சார்?" என்று அவள் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, அது குழு முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றார்.

அன்றைக்கு அவள் வேறு யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தாள். ஆட்களிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் காலை ஒருவர் ரொட்டி கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார், ஒருவர் வெள்ளரி, ஒருவர் தக்காளி. மேஸ்திரி ஒரு பொட்டலம் வெண்ணெய் கொடுத்துவிட்டு, "இது யாரு கொடுத்ததுன்னு எனக்குத் தெரியாது" என்றார். அவள் வீட்டுச் சமையலறையில் இருபத்திரண்டு சாண்ட்விச் செய்து, ஈரத்துணியில் சுற்றி, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். வாரியத்துக்குப் போய் இன்னொரு இருபத்திரண்டை விதிப்படி செய்து மாடியேற்றிவிட்டாள். அவை ஏறிக்கொண்டிருக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தாள். பன்னிரண்டு இருபத்தெட்டுக்குப் பள்ளத்தடியில் இருந்தாள். அவர் சாப்பிடுவதைக் கடைசி வாய் வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

ஆறு நாள் இப்படி ஓடியது. அந்த ஆறு நாட்களுக்குள் திட்டத்தின் தொடக்க விழாவும் நடந்து முடிந்தது. மேடையில் இயக்குநர் ஒரு சாண்ட்விச்சின் நாடாவை வெட்டினார். ஒரு மாதிரி சாண்ட்விச்சை ஐந்து மாடிக்கும் அனுப்பி, ஆள் வைத்து நேரம் குறித்தார்கள். மூன்று மணி ஐம்பது நிமிடம். சென்ற வாரத்தைவிடப் பத்து நிமிடம் குறைவு என்று அறிவித்ததும் அரங்கம் அதிர்ந்தது. இந்த வேகத்தில் போனால் இன்னும் ஓராண்டில் எங்கே போய் நிற்போம் என்று நினைத்தால் தனக்கே மலைப்பாக இருக்கிறது என்று இயக்குநர் கண் கலங்கினார். ஊழியர்களிடமிருந்து இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை என்பதையும் பெருமையோடு சொன்னார். அது உண்மைதான். ஊழியர்களின் வயிறு நிறைந்திருந்தது.

குட்டு வெளிப்பட்டது பதிவறையில். மூன்று மணிக்குப் பள்ளத்தடிக்குப் போன சாண்ட்விச்சுகளை ஆட்கள் யாரும் தொடவில்லை. வேன் ஓட்டுநர் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். திரும்பி வந்த கோப்பு பதிவறைக்குத்தான் போக வேண்டும். எழுத்தர் அவற்றை வரிசைப்படுத்தி, எண் போட்டு, இரும்பு அலமாரியில் அடுக்கிக்கொண்டே வந்தார். ஆறாம் நாள் அலமாரியைத் திறந்தபோது வீசிய நாற்றத்தில் அவரே இரண்டடி பின்வாங்கினார். எறும்பு வரிசை கட்டியிருந்தது. நூற்று முப்பத்திரண்டு கோப்புகள். எதிலும் ஒரு கடிகூட இல்லை. அனைத்தும் 'நடவடிக்கை நிலுவை' என்று அவர் மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பினார்.

அதிகாரிகளுக்கு மூக்கில் வேர்த்தது. ஆறு நாளாகச் சாப்பிடாத இருபத்திரண்டு பேர் எப்படி நடமாடுகிறார்கள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்து, மறுநாள் வாசலில் சமையலக்காவின் பையைப் பிடித்துவிட்டார்கள். குழாய் எடுக்க அன்று வாரியத்துக்கு வந்திருந்த மேஸ்திரி இருபத்தொன்றை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். ஒன்று மாட்டிக்கொண்டது. ஸ்பேனருக்கு ஒன்று கொடுத்தாயிற்று என்று மேஸ்திரி சொல்லியனுப்பியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. மாட்டிய சாண்ட்விச்சை முத்திரை வைத்த உறையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

அதற்கு மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை. இயக்குநர் தலைமை, கண்காணிப்பாளர் ஒரு பக்கம், பதிவறை எழுத்தர் இன்னொரு பக்கம். மேசை நடுவில் ஒரு தட்டில் அந்த சாண்ட்விச். அன்று பள்ளத்தடிக்குப் பையைத் தான் எடுத்துப்போவதாக மேஸ்திரி சொல்லியிருந்ததால் அவள் தைரியமாகவே வந்திருந்தாள்.

"நேத்து பன்னிரண்டரைக்கு அவங்களுக்குச் சாப்பாடு கொடுத்தீங்களா இல்லையா?"

"கொடுத்தனுப்பினேன் சார்."

"யார் சொல்லிக் கொடுத்தீங்க?"

"யாரும் சொல்லல சார். அவங்களுக்குப் பசிச்சுது."

"பசிச்சுதுங்கிறது எழுத்துமூலமா இருக்கா?"

இல்லை என்றாள். எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு அவர்கள் ரொட்டியை யார் வாங்கியது, எந்தக் கத்தியால் வெட்டியது, நாடா ஏன் கட்டவில்லை, துளை ஏன் போடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மணி ஒன்றாயிற்று. ஒன்றரை ஆயிற்று. வழக்கமாக மேல்மாடிக்குத் தனி உணவகத்திலிருந்து தட்டு வரும். ஆனால் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று விசாரணை நாளன்று அதிகாரிகளும் திட்டச் சாப்பாட்டையே சாப்பிடுவார்கள் என இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். திட்டச் சாப்பாடு அப்போது இரண்டாம் மாடியில் இருந்தது. ஐந்தாம் மாடியில் கையெழுத்துப் போட வேண்டியவர் இங்கே விசாரணையில் இருந்தார்.

இரண்டு மணிக்கு இயக்குநரின் பேச்சில் வேகம் குறைந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கண் அடிக்கடி தட்டுக்குப் போய் வந்தது.

"சான்றுப் பொருளை நேர்ல ஆய்வு செய்யணும்" என்றார். ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி மென்றார். முழுமையான ஆய்வுக்கு இது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். பாதியை எடுத்துக்கொண்டார். ஒருவர் கருத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று கண்காணிப்பாளர் மீதிப் பாதியில் கை வைத்தார். இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டியது தன் பொறுப்பு என்பதால் எழுத்தர் கீழே விழுந்திருந்த வெள்ளரித் துண்டுகளையும் முட்டைத் துணுக்குகளையும் திரட்டி எடுத்துக்கொண்டார். இரண்டு ஐந்துக்குத் தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சமையலக்காவுக்கு அவர்களைப் பார்க்க உண்மையிலேயே பாவமாக இருந்தது. இன்னும் ஒன்று இருந்தால் கொடுத்திருப்பாள்.

எழுத்தர்தான் மெதுவாக எடுத்துச் சொன்னார். சான்றுப் பொருள் இப்போது இல்லை. சான்று இல்லாமல் குற்றத்தை நிரூபிக்க முடியாது. ஆகவே விதிக்குப் புறம்பாக சாண்ட்விச் எதுவும் செய்யப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அப்பாடா என்று அவள் எழுந்தாள்.

"உக்காரும்மா, இன்னும் முடியல" என்றார் கண்காணிப்பாளர். அவருக்கு இப்போது தெம்பு வந்திருந்தது. சாண்ட்விச் செய்யப்படவில்லை என்றால் ஆட்களுக்கு அது கொடுக்கப்படவும் இல்லை. திட்டச் சாப்பாடோ, நூற்று முப்பத்திரண்டும் பதிவறையில் தொடாமல் இருக்கிறது, எழுத்தரே சாட்சி. அப்படியானால் ஆறு நாட்கள் அந்த இருபத்திரண்டு பேருக்கு எந்தச் சாப்பாடும் போகவில்லை. அவர்களுக்குச் சாப்பாடு போடுவது யார் பொறுப்பு?

"நீங்கதான்மா பொறுப்பு" என்றார் இயக்குநர், உதட்டோரத்தில் ஒட்டியிருந்த வெண்ணெயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு. அவர் குரல் கனிந்திருந்தது. "இந்த வெயில்ல, பள்ளத்துல இறங்கி வேலை செய்யற ஏழைத் தொழிலாளிங்க. அவங்களை ஆறு நாள் பட்டினி போட்டிருக்கீங்க. உங்க வீட்டுக்காரரே அதுல ஒருத்தர்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

பதினோரு வருடமாக ஒரு பருக்கை தாமதமாகப் போகாமல் பார்த்துக்கொண்டவளுக்குக் கோபம் வரவே கொஞ்சம் நேரமாயிற்று. வந்தபோது அது அழுகையாக வரவில்லை. கை விரல்களில் வந்தது. கத்தி பிடிக்கிற விரல்கள். மடியில் அவற்றைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பட்டினி போடப்பட்ட ஒவ்வொரு தொழிலாளியின் பேரிலும் ஒன்று வீதம் இருபத்திரண்டு குறிப்பாணைகள் சாயந்திரத்துக்குள் தயாராகிவிட்டன. சாண்ட்விச் விஷயத்தில் காட்ட முடியாத விரைவை வாரியம் இதில் காட்டியது. முழுநீளத் தாள், கெட்டியானது, மேலே வாரியத்தின் சின்னம், கீழே பச்சை மையில் கையெழுத்து. ஏழு நாட்களுக்குள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விளக்கம் எழுதித் தர வேண்டும். இருபத்திரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவள் பள்ளத்தடியில் இருந்தாள். ஆட்கள் ஏறி வந்து கை கழுவிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார்கள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஈரத்துணியைக் காணோம். ஒவ்வொரு சாண்ட்விச்சும் கெட்டியான வெள்ளைத் தாளில், மூலை மடித்து, அழகாகச் சுற்றியிருந்தது. அவரவர் பேர் போட்ட தாளைத் தேடி அவரவருக்குக் கொடுத்தாள்.

ஸ்பேனர் தாளைப் பிரித்து, முதல் வாய் கடித்துவிட்டு, மெல்ல மெல்லப் படித்தார்.

"என்னைப் பட்டினி போட்டதுக்கு உன்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க" என்றார்.

"ஆமாங்க."

"என்ன எழுதப்போற?"

"எழுதப்போறதில்ல" என்றாள் அவள். அவர் கையிலிருந்த தாளில் சிந்திய முட்டையை விரலால் வழித்து ரொட்டி மேலேயே வைத்தாள். "ஏழு நாள்ல பதில் வரலைன்னா ஆளுக்கு ரெண்டு ரெண்டா அனுப்புவாங்களாம். அனுப்பட்டும். ஒரு தாள் சுத்தினா வெண்ணெய் கசியுது."